சேரியைப் படித்த மூன்று புத்தகங்கள்

பழைய செங்கல்பட்டு ஜில்லாவை வைத்து அமெரிக்கப் பல்கலைக்கழகப் பதிப்பகங்கள் மூன்று புத்தகங்கள் போட்டிருக்கின்றன. 1979இல் பிரின்ஸ்டன், 1994இல் கலிபோர்னியா, 2014இல் கொலம்பியா. (ஜில்லா என்று நான் சொல்வது காஞ்சிபுரம், திருவள்ளூர், செங்கல்பட்டு என்று துண்டு போடுவதற்கு முந்திய நிலத்தை.) எழுதியவர்களில் ஒருவர் மானுடவியல்காரர், மற்ற இருவரும் வரலாற்றுக்காரர்கள். மூன்றிலும் நாம் வருகிறோம். வயலில் குனிந்து நிற்கிறோம், பறை அடிக்கிறோம், கலெக்டருக்கு மனு போடுகிறோம். ஆனால் மூன்றிலும் வரும் நாம் ஒரே ஆட்கள் இல்லை. ஒரு புத்தகத்தில் வருகிறவன் இன்னொரு புத்தகத்தில் வருகிறவனைப் பார்த்தால் அடையாளம் தெரியாது. இது எப்படி ஆச்சு என்பதைப் பேசத்தான் இந்தக் கட்டுரை.

வெளிநாட்டுக்காரன் எழுதியதை வெளிநாட்டுக்காரன் படிக்கிறான், நமக்கு என்ன என்று கேட்கலாம். கேட்கிற தோழர்கள் இருக்கிறார்கள். ஆனால் வருஷா வருஷம் நம்ம பிள்ளைகளே ஆய்வேடு எழுதப் போகிறார்கள். நெறியாளர் கையில் கொடுக்கிற முதல் பட்டியலில் இந்த மாதிரிப் புத்தகங்கள்தான் இருக்கின்றன. சொந்தச் சேரியைப் பற்றி எழுதும்போதும் அதில் ஒரு வரியை மேற்கோள் காட்டினால்தான் அந்தச் சேரி உண்மையிலேயே இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறார்கள். ஆக, இது நம்ம வீட்டு விவகாரம்தான்.

முதலில் மைக்கேல் மொஃபாட். பிரின்ஸ்டன் வெளியிட்ட அவர் புத்தகத்தின் துணைத் தலைப்பிலேயே விஷயம் இருக்கிறது: அமைப்பும் ஒப்புதலும். எண்டாவூரில் தங்கிக் களப்பணி செய்தவர். உழைத்திருக்கிறார், அதை மறுக்க முடியாது. அவர் சொல்வது இதுதான்: தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்குத் தனிப் பண்பாடு, தனிக் கருத்தியல் என்று எதுவும் கிடையாது. ஊர் அவர்களைச் சேர்த்துக்கொள்ளும் இடத்தில் தங்களுக்கு விதித்த கீழான வேலையைச் செய்கிறார்கள். ஊர் ஒதுக்கி வைக்கும் இடத்தில், அதே ஊரின் ஏணியைச் சேரிக்குள் நகல் எடுத்துக்கொள்கிறார்கள். சேரிக்கென்று ஒரு வள்ளுவப் பூசாரி, ஒரு வண்ணார், அதற்கும் கீழே சக்கிலியர். எனவே அடியில் இருப்பவர்களும் இந்த அமைப்பை ஏற்றுக்கொண்டவர்களே. பின்னால் லூயி துய்மோனின் நிழல் நன்றாகத் தெரிகிறது.

இதைப் படித்ததும் புத்தகத்தைத் தூக்கி எறிய வேண்டும் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. எறியக் கூடாது. பாதி உண்மை. நம்ம சேரிக்குள் புதிரை வண்ணாரை நாம் எப்படி நடத்தினோம் என்பது நமக்குத் தெரியும். அருந்ததியர் வீட்டில் தண்ணி வாங்கிக் குடிக்காத கிழவிகள் நம்ம வீட்டிலேயே இருந்தார்கள். இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994இல் வந்தபோது நமக்குள் எவ்வளவு சண்டை! தலித் இலக்கியத்துக்கு எதிரான நாவல் என்று கூடச் சொன்னார்கள். இன்று அதையும் மொஃபாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒரு விஷயம் புரிகிறது. நகல் எடுத்தது நிஜம் என்பதை இமையமும் சொல்கிறார். ஆனால் ஆரோக்கியம் என்ற அந்த வண்ணாத்தி படி தானியத்துக்காகக் களத்துமேட்டில் நிற்பதைப் படித்துவிட்டு, அவள் இந்த ஏற்பாட்டுக்குச் சம்மதித்தாள் என்று எவன் சொல்வான்? நாவலாசிரியருக்குத் தெரிந்த இந்த வித்தியாசம் மானுடவியல்காரருக்கு எப்படித் தெரியாமல் போனது?

போனதற்குக் காரணம் இருக்கிறது. சடங்கைப் பார்த்தார், கூலியைப் பார்க்கவில்லை. பார்த்தாலும் அதைச் சடங்கின் வாலாகத்தான் பார்த்தார். ஊர்த் திருவிழாவில் பறை அடிக்கிறவன் அடிக்காமல் இருந்தால் மறுநாள் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. வேலைக்குக் கூப்பிட மாட்டான், வரப்பில் நடக்க விட மாட்டான், குடிசை நிற்கிற மனையே அவன் மனை. இத்தனைக்கும் மொஃபாட்டுக்கு ஐந்து வருஷம் முன்னாலேயே, 1974இல், இதே ஜில்லாவில் வேலை செய்த ஜோன் மென்ச்சர், சாதியைக் கீழிருந்து பார்த்தால் அது சுரண்டலுக்கான ஏற்பாடாகத்தான் தெரிகிறது என்று ஒரு கட்டுரையில் எழுதிவிட்டார். பின்னால் ராபர்ட் தெலியேஜும் 1992இல் மொஃபாட்டை மறுத்து எழுதினார். ஆனாலும் 'ஒப்புதல்' என்ற சொல் வகுப்பறையை விட்டுப் போகவில்லை. மேலே இருப்பவனுக்கு அது எவ்வளவு ஆறுதலான சொல்! அவனே ஒப்புக்கொண்டான், நாம் என்ன பண்ணுவது.

இரண்டாவது, யூஜின் இர்ஷிக்கின் புத்தகம். தலைப்பு 'உரையாடலும் வரலாறும்'. 1795இல் இருந்து 1895 வரை நூறு வருஷம். கம்பெனிக்காரன் தன் அறிவை நம்ம மேல் திணித்தான் என்று சொல்வது தப்பு, வெள்ளைக்கார அதிகாரியும் உள்ளூர்க்காரர்களும் பேசிப் பேசித்தான் அந்த அறிவை உண்டாக்கினார்கள் என்பது அவர் வாதம். 1790களில் ஜாகீரின் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் ஊர் ஊராகத் திரிந்து ஏரி, மதகு, காணியாட்சி எல்லாவற்றையும் கேட்டு எழுதிய கதை அதில் சுவாரசியமாக வருகிறது. ஏரிப் பாசனம் எப்படி நடந்தது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் அதற்காகவாவது படிக்கலாம்.

ஆனால் யாரும் யாரும் உரையாடினார்கள்? கலெக்டர் கேட்டார், மிராசுதார் சொன்னார், கணக்கர் எழுதினார். 1818இல் எல்லிஸ் மிராசு உரிமையைப் பற்றி எழுதி வைத்தபோது, அந்த உரிமைகளின் பட்டியலில் நிலம், மானியம், களத்து வரும்படி இவற்றோடு சேர்ந்து அடிமை ஆளும் வருகிறான். பட்டியலில் ஒரு பொருளாக வந்தவன் உரையாடலில் ஒரு தரப்பாக எப்படி ஆக முடியும்? இர்ஷிக்கின் கடைசிப் பகுதியில் 1890களின் பறையர் விவாதம் வருகிறது. அங்கேயும் நாம் விவாதிக்கப்படுகிறோம். 'உரையாடல்' என்பது கேட்க நல்ல சொல். அதிகாரத்தை மென்மையாக்கிக் காட்டுவதற்கு அதைப்போல வசதியான சொல் வேறு இல்லை. மொஃபாட்டின் 'ஒப்புதலு'க்கும் இதற்கும் பெரிய தூரம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அந்தப் புத்தகம் வந்த அதே 1994. காரணை பஞ்சமி நிலத்துக்காக நடந்த போராட்டம். அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை இரண்டு பேரும் செத்தார்கள். கலிபோர்னியாவில் அச்சான புத்தகமும் செங்கல்பட்டில் விழுந்த பிணங்களும் ஒரே நூற்றாண்டுக் கதையின் இரண்டு முனைகள். புத்தகம் 1895இல் நிற்கிறது. 1892இல் போட்ட அரசாணையின் மிச்சத்தைக் கேட்டவர்கள்மேல்தான் குண்டு பாய்ந்தது. இதை ஆசிரியர்மேல் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் செங்கல்பட்டைப் படிக்கிற மாணவன் இந்த இரண்டையும் ஒரே மேசையில் வைக்க வேண்டும்.

மூன்றாவது புத்தகத்துக்கு வருகிறேன். ரூபா விஸ்வநாத். ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். கொலம்பியா வெளியிட்டது, இந்தியப் பதிப்பை நவயானா கொண்டுவந்தது. தலைப்பைத் தமிழில் சொன்னால் 'பறையர் பிரச்சினை'. தலைப்பைப் பார்த்ததும் கோபம் வரும். நாமா பிரச்சினை? அதுதான் புத்தகத்தின் கேள்வியே. 1890களில் அதிகாரிகளும் பத்திரிகைகளும் புழங்கவிட்ட சொல் அது. நிலமும் கூலியும் சம்பந்தப்பட்ட ஒரு கொடுமையை எடுத்து, இந்தச் சனங்களிடமே ஏதோ கோளாறு இருக்கிற மாதிரி மாற்றிய சொல். முதலில் மத விஷயம் என்றார்கள், பிறகு சமூக விஷயம் என்றார்கள். எப்படிச் சொன்னாலும் சர்க்கார் தலையிட வேண்டியதில்லை என்பதில் வந்து முடியும். அந்தப் பெயர் மாற்றத்தின் வரலாற்றைத்தான் அவர் எழுதியிருக்கிறார்.

விவரத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அடிமை முறை 1843ஆம் வருஷத்து ஐந்தாவது சட்டத்தோடு ஒழிந்துவிட்டது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அந்தச் சட்டம் செய்ததெல்லாம் கோர்ட் அடிமைத்தனத்தை அங்கீகரிக்காது என்று சொன்னதுதான். படியாள் படியாளாகவே இருந்தான். சர்க்காருக்கு நிலவரி வேண்டும், நிலவரிக்கு விளைச்சல் வேண்டும், விளைச்சலுக்குக் கட்டுப்பட்ட ஆள் வேண்டும். தாசில்தாரில் இருந்து கர்ணம் வரைக்கும் உத்தியோகத்தில் இருந்தவர்கள் நிலம் வைத்திருந்த சாதிக்காரர்கள். வெள்ளைக்கார அரசும் நிலச் சாதியும் இப்படிக் கைகோத்து நின்றதை அவர் சாதியும் அரசும் சேர்ந்த ஒரு கூட்டாகப் பார்க்கிறார். இங்கே அடிமைத்தனம் மிருதுவானது, அன்பானது, அமெரிக்காவில் மாதிரி இல்லை என்று அதிகாரிகள் எழுதித் தள்ளினார்கள். ஆண்டை அடித்தாலும் அப்பன் மாதிரிதான் அடிக்கிறான் என்கிற நியாயம்.

எனக்கு மிக முக்கியமாகப் பட்டது மனைக்கட்டு விவகாரம். குடிசை நிற்கிற மண் மிராசுதாருடையது. அதுதான் சாட்டையைவிடப் பெரிய ஆயுதம். ஒருத்தன் சொந்தமாகத் தரிசு நிலத்துக்கு தர்காஸ்து போட்டான், அல்லது கோயிலுக்குப் போனான் (இங்கே கோயில் என்றால் சர்ச்), அல்லது வேறு ஆண்டையிடம் போனான் என்றால், 'வீட்டைப் பிரிச்சி எடுத்துகினு போடா' என்று ஒரு வார்த்தை போதும். மொஃபாட் பார்க்காமல் விட்ட மறுநாள் இதுதான். ஒப்புதல் என்று அவர் எழுதியது இந்த வார்த்தைக்குப் பயந்த மௌனம். தொழிலாளர் கமிஷனர் துறை 1920ஐ ஒட்டி வந்த பிறகு மனைக்கட்டு வாங்கிக் கொடுக்கிற வேலை ஆரம்பித்தது. அதிலும், அந்த மனைக்கான பணத்தைக் கூட்டுறவுச் சங்கம் வைத்துத் தவணையில் நம்ம சனங்களே கட்ட வேண்டும் என்று வைத்தார்கள். தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த மண்ணுக்கு விலை கொடுத்தவர்கள் நாம். இலவசம் இலவசம் என்று ஏசுகிறவர்களுக்கு இந்த அத்தியாயத்தை மொழிபெயர்த்துப் படித்துக் காட்ட வேண்டும்.

மதமாற்றம் பற்றிய அத்தியாயங்களும் நல்ல வேலை. மிஷனரி வந்து ஆசை காட்டினான், அரிசிக்கு மதம் மாறினான் என்பது இன்றைக்கும் மேடையில் பேசுகிற பேச்சு. ஆவணம் வேறு மாதிரி சொல்கிறது. நம்ம சனங்க போய்த்தான் மிஷனரியைக் கூப்பிட்டார்கள். வழக்குக்கு ஆள் வேண்டும், மனு எழுத ஆள் வேண்டும், நிலம் வேண்டும். பாதிரிகள் ஆரம்பத்தில் தயங்கினார்கள், இவர்கள் ஆத்துமாவுக்காக வரவில்லை, வயிற்றுக்காக வருகிறார்கள் என்று சந்தேகப்பட்டார்கள். செங்கல்பட்டின் ஆடம் ஆண்ட்ரூ, திருவள்ளூரின் வில்லியம் கௌடி மாதிரி சிலர்தான் நிலத்தைப் பற்றியும் எழுத ஆரம்பித்தார்கள். வயிறு வேறு ஆத்துமா வேறு என்று பிரித்தவர்கள் வயிறு நிரம்பியவர்கள். நம்ம சனங்களுக்கு அந்தப் பிரிவினையே கிடையாது.

டிரெமென்கீர் விஷயத்துக்கு வருவோம். 1891இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்து பறையர் நிலைமை பற்றி அறிக்கை எழுதியவர். அதை அடுத்து 1892இல் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வதன் வேர் அதுதான். முதல் பத்து வருஷம் யாருக்கும் விற்கக் கூடாது, பிறகு விற்றாலும் ஒடுக்கப்பட்ட சாதிக்காரருக்குத்தான் விற்கலாம், மீறினால் சர்க்கார் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பது நிபந்தனை. பன்னிரண்டு லட்சம் ஏக்கர் என்று மேடைக்கு மேடை சொல்கிறோம். டிரெமென்கீரைத் தெய்வமாக்கி வைத்திருக்கிறோம். இந்தப் புத்தகம் அந்தப் பக்தியைக் கொஞ்சம் அசைக்கிறது. அவர் கேட்டது வேறு, அரசு கொடுத்தது வேறு. வருவாய் வாரியம் அந்த அறிக்கையை எப்படி எதிர்த்தது, அதில் எவ்வளவு வெட்டுப்பட்டது என்பதைப் படிக்கும்போது, 'வெள்ளைக்காரன் கொடுத்தான், காங்கிரஸ்காரனும் திராவிடக்காரனும் பிடுங்கினான்' என்கிற நம்ம எளிய கதை போதாது என்று தெரிகிறது. வெள்ளைக்காரனும் கிள்ளித்தான் கொடுத்தான். சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்ல வேண்டும்.

குறை இல்லாத புத்தகம் இல்லை. இதன் பாரம் முழுவதும் அரசாங்கக் காகிதத்திலும் மிஷன் காகிதத்திலும் நிற்கிறது. நம்மவர்கள் தங்கள் கையால் அச்சடித்தது அந்த அளவுக்குப் பாரம் தாங்கவில்லை. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்ற பெயரிலேயே பத்திரிகை தொடங்கினார். அயோத்திதாசர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். பறையர் பிரச்சினை என்று மற்றவர்கள் பேசிக்கொண்டிருந்த அதே வருஷங்களில் பறையர்கள் தங்களுக்கு என்ன பிரச்சினை என்று அச்சில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வயல் ஆளும் பட்டணத்துப் பத்திரிகைக்காரரும் ஒருவரல்ல, பட்டணத்துக் குரலை வைத்துப் படியாளின் கதையைச் சொல்ல முடியாது என்று ஆசிரியர் தரப்பில் பதில் வரலாம். நியாயம்தான். ஆனால் கலெக்டரின் குரலை வைத்து மட்டும் சொல்லலாமா?

இங்கே இன்னொரு விஷயமும் சேர்ந்துகொள்கிறது. பல்கலைக்கழகப் பதிப்பகங்கள் நம்ம எழுத்தைப் போடாமல் இல்லை. பாமாவின் 'கருக்கு' ஆக்ஸ்போர்டு பதிப்பாக 2012இல் வந்தது. அதே வருஷம் ரவிக்குமாரும் அழகரசனும் தொகுத்த தமிழ் தலித் எழுத்துத் தொகைநூலையும் ஆக்ஸ்போர்டு போட்டது. சந்தோஷம். ஆனால் கடையில் எந்த அலமாரியில் வைக்கிறார்கள் என்று பாருங்கள். நாம் எழுதினால் சாட்சியம், தன்வரலாறு. அவர்கள் எழுதினால் கோட்பாடு, வரலாறு. நமக்கு வலி, அவர்களுக்கு விளக்கம். கோபால் குரு இதைத்தான் 2002இல் சமூக அறிவியலுக்குள்ளேயே வருணம் இருக்கிறது என்று கேட்டார். பிறகு சுந்தர் சருக்கையோடு சேர்ந்து அவர் எழுதிய விவாத நூலையும் அதே 2012இல் அதே ஆக்ஸ்போர்டுதான் வெளியிட்டது. திட்டுவதையும் அழகாக அட்டை போட்டு வெளியிடுகிற சாமர்த்தியம் அவர்களுக்கு உண்டு. அயோத்திதாசர் சிந்தனைகளை 1999இல் அலாய்சியஸ் தொகுத்தபோது வெளியிட்டது பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் மையம். அந்தத் தொகுதிகள் வந்த பிறகுதான் தமிழ்நாட்டு வரலாற்றையே வேறு மாதிரி பேச ஆரம்பித்தோம். பெரிய பெயர் தேவைப்படவில்லை. தமிழில் இருந்ததுதான் தேவைப்பட்டது.

இத்தனை சொன்ன பிறகும் மூன்றில் ஒன்றைத்தான் கையில் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போவேன் என்றால் அது விஸ்வநாத்தின் புத்தகம்தான். உண்மையில் எடுத்துக்கொண்டும் போனேன். மனைக்கட்டு அத்தியாயத்தை அடித்து அடித்துத் தமிழாக்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் சேரியில் நாலைந்து பேரை உட்கார வைத்துச் சொன்னேன். படியாளாக இருந்த கடைசித் தலைமுறையைச் சேர்ந்த ஒரு தாத்தா திண்ணையில் சாய்ந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். 'வீட்டைப் பிரிச்சி எடுத்துகினு போ' என்று வந்ததும் நிமிர்ந்தார்.

"இத்த எந்த ஊருல எய்தினாங்க?"

அமெரிக்காவில் என்றேன்.

"எங்களுக்குத்தான் தெரியுமே. இங்கிலீசுல போட்டாத்தான் நெசமாவுமா?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கோர்ட்டுக்கு ஆமாம் தாத்தா, அப்படித்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. அவர் புத்தகத்தை வாங்கிக் கடைசிப் பக்கங்களைத் தடவிப் பார்த்தார். அடிக்குறிப்புகள், அரசாணை எண்கள், தேதிகள். இதெல்லாம் என்ன நம்பர் என்று கேட்டார். பழைய ஆர்டர் நம்பர், அந்தக் காகிதங்களை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் வைத்திருக்கிறார்கள் என்று விளக்கினேன்.

"இதுல நம்ம ஏரிக்கரை நெலத்தோட சர்வே நம்பரு கீதா?"

இல்லை. அந்த நிலம் பஞ்சமி நிலம் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். பட்டா வேறு ஆள் பெயரில் இருக்கிறது. யு.டி.ஆர். என்று பதிவேடுகளைப் புதுப்பித்த காலத்தில் 'நிபந்தனை' என்கிற குறிப்பு பல ஊர்களில் காணாமல் போனது என்பது நம் தோழர்கள் ரொம்ப நாளாகச் சொல்லி வருவது. பழைய 'அ' பதிவேட்டை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

"அப்ப அந்தப் பதிவேட்ட எட்து வா. புக்கு அப்பறம் படிக்கலாம்" என்றார்.

தாலுகா ஆபீசில் நகல் கேட்டு மனு கொடுத்திருக்கிறோம். தேடிக்கொண்டிருக்கிறார்களாம்.